ஜீப்புக்குப் படங்கு கட்டினோம்

"ஜீப்புக்கு அடியில என்னா இருக்குன்னு ஒனக்கு என்ன தெரியும்?" என்று தோட்டத்தை நடத்துகிற துரை ஒருநாள் காலையில் என்னைக் கேட்டார். கேட்ட இடம் பெரட்டுக் களம். விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது. அங்கே ஒருத்தியை அவமானப்படுத்தினால் மத்தியானத்துக்குள் செய்தி ஆட்கள் குடியிருக்கிற கடைசி லயம்வரை போய்விடும். துரைக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்டார். எனக்குத் தெரிந்ததை அன்றைக்கும் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன், யாருக்கு என்ன பயம்?

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவிச்சியாக இருந்தேன். லயத்துச் சனங்களுக்கு நர்சம்மா. எழுபதுகளின் தொடக்கம். தோட்டத்துக்கு இரண்டு பிரிவு: ரோட்டோரம் கீழ்க்கணக்கு, அதற்கு மேலே நாலு மைல் ஏறினால் மேல்கணக்கு. அந்த நாலு மைலைப் பாதை என்று சொல்வது பாதைக்கே அவமானம். துரையின் கார் அதில் ஏறாது. ஏறக்கூடியது ஒன்றே ஒன்றுதான், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப். வெள்ளைக்காரத் துரை காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி. அவர் போய் உள்ளூர்த் துரை வந்த பிறகும் அது போகவில்லை.

அந்த ஜீப்பின் அடி எனக்குத் தெரியவந்தது ஒரு கத்தரிக்கோலால். மேல்கணக்கிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். பசறை ரோட்டிலேயே அவள் பெற்றுவிட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. கொடியைக் கட்டிவிட்டு, வெட்டுவதற்காக எடுத்த கத்தரிக்கோலை ஒரு நொடி பக்கத்தில் வைத்தேன். வண்டி குழியில் விழுந்து எழும்பியது. கத்தரிக்கோலைக் காணோம். விரித்திருந்த கம்பளியை விலக்கிப் பார்த்தேன். மூலையில், தகடு இரும்புச் சட்டத்தோடு சேருகிற இடத்தில், கையகலத்துக்கு ஓட்டை. அதற்குள்ளே ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"டிரைவரண்ணே, நிப்பாட்டுங்க! கத்தரிக்கோல் ரோட்டுல விழுந்துருச்சு!"

"எப்புடிம்மா விழும்? கதவு சாத்தித்தானே இருக்கு?"

"கதவு இருக்கு, தரைதான் இல்ல!"

அவர் இறங்கி ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். ஸ்பிரிட்டில் கழுவிக் கொடியை வெட்டினேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு பிள்ளையின் கால் போயிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை.

மறுநாள் ஒரு சாக்கை விரித்து, வெள்ளைச் சேலையோடு ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டிரைவரண்ணன் பதறிப்போனார். "எந்திரிங்கம்மா, கணக்கப்புள்ள பாத்தா சிரிப்பாரு." சிரிக்கட்டுமே. மேலே உடம்பு முழுக்கத் துருப்பிடிக்காத அலுமினியம். கீழே, வண்டியின் நீளத்துக்கு முதுகெலும்பு மாதிரி ஓடுகிற இரண்டு சட்டங்கள் இரும்பு. சேசிஸ் என்று டிரைவரண்ணன் சொன்னார். உள்ளே கூடாக, குழாய் மாதிரி இருக்குமாம். அந்த இரும்பு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து என் முகத்தில் கொட்டியது.

காரணம் உரம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. தோட்டத்து லொறிக்கு ஏதோ ஒரு பாகம் கிடைக்காமல் அது கொட்டகையில் படுத்துவிட்டது. கீழ்க்கணக்கு ஸ்டோருக்கு வாடகை லொறியில் வந்த உர மூட்டைகளை மேல்கணக்குக்கு ஏற்ற ஜீப்பைப் பிடித்தார்கள். உரம் பார்ப்பதற்குச் சீனி மாதிரி இருக்கும். மழை பட்டால் கரைந்து, தரை இடுக்குகளில் இறங்கிச் சட்டத்துக்குள் போய் உட்காரும். உரம் போடுகிற ஆம்பிளைகளின் விரல் இடுக்குகளில் புண்ணாகி வெடிப்பதற்கு மருந்து போட்டவள் நான். கையைத் தின்னுகிற சாமான் இரும்பை விட்டுவைக்குமா?

இதைத் துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சனிக்கிழமைதோறும் அதற்குக் குளியல் உண்டு, மேலுக்கு மட்டும். முன்மூடியைக் கைக்குட்டையால் தடவிப் பார்த்து அழுக்கில்லை என்று கண்டபிறகுதான் துரை பங்களாவுக்குப் போவார். அன்றைக்கும் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. ஓடுற வரைக்கும் ஓடட்டும். நின்னா இரும்புக் கடைக்குக் குடுப்போம்" என்றார்.

அவருக்கு அது இரும்பு. எனக்கு அது மேல்கணக்கில் இருந்த ஒருத்தியின் உயிர். அவள் கொழுந்து பறிக்கிறவள், புருஷன் தேயிலைச் செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். முந்தின வருஷம் அவளுக்கு முதல் பிரசவ வலி வந்தபோது ஜீப் உரத்தோடு சேற்றில் புதைந்து கிடந்தது. கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அவளைப் போட்டு நாலு மைல் தூக்கி வந்தோம். ரோட்டுக்கு வந்து வண்டி பிடித்துப் பதுளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. துணியில் சுற்றி அவள் புருஷன் கையில் கொடுத்தது நான்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவளுக்கு இடுப்பெலும்பு ஒடுக்கம், அடுத்ததைக் கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும், வலி எடுத்ததும் கொண்டு வராவிட்டால் தாயும் தங்க மாட்டாள் என்றார்.

இப்போது அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். நாள் கணக்கு மார்கழியில், சரியான மழைக்குள்ளே போய் நின்றது. முன்கூட்டியே போய் இருப்பதற்கு டவுனில் அவளுக்கு யாருமில்லை. ஆகவே வலி எடுத்த அன்றைக்கு ஜீப் ஓட வேண்டும், வேறு வழியே கிடையாது. ஒருநாள் டிஸ்பென்சரிக்கு வந்து வாசலில் நின்றாள். பிள்ளை நன்றாக இருக்குமா என்று அவள் கேட்கவில்லை.

"நர்சம்மா, இந்தத் தடவ ஜீப்பு வருமா?"

"வரும். வராட்டி என் பேர மாத்திக் கூப்புடு" என்றேன். சொல்லிவிட்டு நேரே ஜீப் கொட்டகைக்குப் போனேன்.

இனி என் முட்டாள்தனம். இதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட ரெண்டு சேர்த்துச் சொல்வார்கள்.

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். மழையிலும் பனியிலும் அதற்குள் நுழைந்து பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றித் தடித்த சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் படங்கு என்று பெயர். படங்கு இல்லாமல் மலைக்கு ஏறினால் பத்து நிமிஷத்தில் சேலை நனைந்து தொடையில் ஒட்டும். ஐப்பசி பிறக்கிற சமயம், கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் ஜீப் கொட்டகையில் ஒதுங்கினார்கள். நான் அடியில் கிடப்பதை எட்டிப் பார்த்து ஒருத்தி, லயத்திலேயே வாய்க்காரி, சொன்னாள்: "நமக்கு மழைக்குப் படங்கு இருக்கு. பாவம், இதுக்கு என்னா இருக்கு?"

எனக்குப் பொறி தட்டியது. "அப்ப இதுக்கும் கட்டிப்புடுவோம்டி!" என்றேன்.

ஆளுக்கொரு பழைய படங்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தனையையும் எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலில் மூன்று நாள் ஊறவைத்தோம். பிறகு இரண்டு சட்டங்களுக்கும், முன்னாலிருந்து பின்னால்வரை, இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினோம். தரையில் இருந்த ஓட்டைக்கு ஒரு பிஸ்கட் டின் மூடியை வைத்து அடைத்தோம். வாய்க்காரி குனிந்து பார்த்துவிட்டு, "அடியே, நம்மள விட எடுப்பாவுல்ல கட்டியிருக்கு!" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

டிரைவரண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார். "இரும்புக்குக் காத்துப் படணும்மா. இப்புடி மூடிக் கட்டுனா..."

"இரும்பு எந்த ஊருல மூச்சு விட்டுச்சு? சும்மா இருங்கண்ணே" என்று வாயை அடைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி. ஆனால் நான் பேச ஆரம்பித்தால் சரியான ஆளும் அடங்கித்தான் போவார், அது என் பிறவிக் குணம்.

ஐப்பசியும் கார்த்திகையும் ஒரே மழை. உர மூட்டை ஏறிக்கொண்டுதான் இருந்தது. படங்கு இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் டிரைவரண்ணன் டிஸ்பென்சரிக்கு வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு படங்கின் கட்டு அவிழ்ந்திருக்கிறது. சாக்கோடு சேர்ந்து இரும்பும் கழன்று வந்துவிட்டது, ஒரு வெற்றிலை அளவுக்கு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

மறுநாள் பதுளையில் மருந்து வாங்குகிற நாள். ஜீப்பை வொர்க்‌ஷாப்பில் விட ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கினோம். பொய்தான். அந்தப் பொய்க்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

பதுளையில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் மனிதர். டவுனில் எல்லாரும் அவரை அண்ணன் முறை வைத்து நானா என்பார்கள். அடியில் படுத்தவர் படுத்த வாக்கிலேயே கத்தினார்.

"யா அல்லாஹ்! யாரு இதுக்குச் சாரம் உடுத்துனது?"

"நான்தான் நானா."

வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, இந்தச் சட்டத்துக்கு அடியில அங்கங்க ஓட்ட வெச்சிருக்கான், பாத்தீங்களா? உள்ள பூந்த தண்ணி வடியத்தான் அது. நீங்க அதுக்கு மேலயே சாக்கச் சுத்திட்டீங்க. ஆயில மழை கழுவிட்டுப் போயிட்டுது. சாக்கு ஈரத்தப் புடிச்சிட்டே இருந்திச்சு. உரத் தண்ணி போக வழி இல்லாம உள்ளயே கெடந்து தின்னுருக்கு. நீங்க மழைக்குக் கட்டுன படங்கப் பின்னேரம் அவுத்துக் காயப் போடுவீங்கல்ல? இத யாரு அவுத்தது?"

யாரும் அவிழ்க்கவில்லை. இரண்டு மாசம் அப்படியே கிடந்தது. எந்தப் பெண்ணும் படங்கை உடம்பிலேயே விட்டுவிட்டுத் தூங்குவதில்லை. இது எனக்கு உறைக்கவில்லையே என்று வெட்கத்தில் முகம் சுட்டது. வெட்கம் வந்தால் எனக்குப் பின்னாலேயே கோபமும் வந்துவிடும்.

"சரி நானா, திட்டி முடிஞ்சுதுன்னா வேலையப் பாருங்க. மார்கழியில எனக்கு ஒரு பிரசவம் இருக்கு" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு திட்டவில்லை.

பொழுது சாயும்வரை வேலை நடந்தது. படங்குகளை அறுத்து எறிந்தார். துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரும்பின் வெள்ளை தெரிந்த பிறகுதான் நிறுத்தினார். அழுகின இடத்தை வெட்டிவிட்டு வேறு இரும்பை வைத்து வெல்டிங் செய்தார். தரை ஓட்டைக்கும் ஒரு தகடு. அதன்மேல் இரும்புக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட், அதற்கு மேல் தார். அந்தப் பஞ்சத்தில் அந்தப் பெயிண்ட் அவருக்கு எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. சட்டத்தின் உள்ளே பழைய ஆயிலை ஊற்றி ஓடவிட்டார். ஓட்டைகளைக் குத்தித் திறந்தார்.

"ஆள ஏத்துங்க, தாங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பொறகு அடியில நல்ல தண்ணி அடிச்சுச் சேத்தக் கழுவுங்க. சரிவுல நிப்பாட்டி வடிய விடுங்க. இந்த ஓட்ட அடைக்காமப் பாத்துக்கங்க. ஆனா உரத்த மட்டும் திரும்பி ஏத்துனீங்களோ, பாரமும் சேந்து, அந்தத் தண்ணியும் சேந்து, நான் ஒட்டுனது அடுத்த மாசமே வுட்டுரும். பொறகு என்னத் தேடி வராதீங்க."

அன்றிலிருந்து நாங்கள் அப்படியே செய்தோம். ஜீப் ஓடி வந்து நின்றால் பெண்கள் பீலியில் விழுகிற ஊற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து அடியில் அடித்தார்கள். நான் ஒடிந்த குடையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டைகளைக் குத்துவேன். மருத்துவிச்சி பைக்குள் குடைக் கம்பி எதற்கு என்று கணக்கப்பிள்ளை கேட்டார். இவர்தான் பெரட்டில் வேலை பிரிக்கிறவர், துரையின் வலது கை. "காது கொடைய" என்றேன்.

மார்கழி பிறந்து சில நாள். அவளுக்கு வலி இன்றோ நாளையோ என்றிருந்தபோது, கீழ்க்கணக்கு ஸ்டோருக்கு உரம் வந்து இறங்கியது. பெரட்டில் கணக்கப்பிள்ளை டிரைவரண்ணனைப் பார்த்து, "உரம் ஏத்து" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் போய் ஜீப்பின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

துரையைக் கூட்டி வந்தார்கள்.

"நர்ஸ், எறங்கு."

"எறங்க மாட்டேங்க. உரம் ஏத்துனா இந்த வண்டி ஒடிஞ்சிரும். ஒடிஞ்சா மேல்கணக்குல ஒருத்தி செத்துருவா."

அப்போதுதான், ஜீப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். நான் சொன்னேன். சட்டம் இரண்டு, வடிகிற ஓட்டைகள் எங்கெங்கே, ஒட்டுப் போட்ட இடம் எது, அது எத்தனை சாண் என்று எல்லாம் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"ஒட்டா? பிரேக்குன்னுதானே கையெழுத்து வாங்குனீங்க? எனக்கும் தெரியும். சாக்கக் கட்டி அழுக வெச்சது யாரு? டிரைவர்தானே? இன்னைக்கே அவன் சீட்டக் கிழிக்கிறேன்."

டிரைவரண்ணனுக்கு நாலு பிள்ளைகள். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

"அவரு இல்லீங்க, நான். வேணாம்னு சொன்ன மனுஷன வாய மூடச் சொல்லிட்டு நான்தான் கட்டுனேன். பிரேக்குன்னு எழுதச் சொன்னதும் நான்தான். என் முட்டாள்தனம் தின்னது ரெண்டு சாண். மிச்சத்தத் தின்னது ஒங்க உரம். என் சீட்டக் கிழிங்க. ஆனா வண்டியில இருந்து என்ன எறக்கணும்னா ஆளு வெச்சுத் தூக்கித்தான் எறக்கணும்."

கணக்கப்பிள்ளை இரண்டு ஆம்பிளைகளைப் பார்த்தார். அவர்கள் மலையைப் பார்த்தார்கள். போன வருஷம் கம்பளிக் கம்புக்குத் தோள் கொடுத்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்.

அந்த வாய்க்காரிதான் வரிசையைவிட்டு முன்னுக்கு வந்தாள். "உரத்த நாங்க சொமக்குறோங்க. ஜீப்பு அவளச் சொமக்கட்டும்."

எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. லொறி செய்ய வேண்டிய வேலையை ஏன் பெண்கள் தலையில் ஏற்ற வேண்டும்? ஆனால் அவர்கள் சொல்லிவிட்டார்கள். "சும்மா சொமக்க மாட்டாங்க. அன்னைக்கு முழுப்பேர் போட்டு முழு நாள் சம்பளம் குடுக்கணும்" என்று மட்டும் வண்டிக்குள் இருந்து கத்தினேன். துரைக்கு உரம் மேலே போய்ச் சேர்ந்தால் போதும். கையை வீசிவிட்டு நடந்தார். கணக்கப்பிள்ளை, தன் பங்குக்கு ஒன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராதே, "இதெல்லாம் அந்தப் புள்ள பொறக்குற வரைக்குந்தான், தெரியுமில்ல?" என்றார். அந்தப் பேச்சை அப்போதே வெட்டியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

மூட்டைகளைப் பிரித்துச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டினார்கள். கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகுக்கும் உரத்துக்கும் நடுவே படங்கை மடித்துப் போட்டு, நாலு மைல் ஏறினார்கள். பின்னேரம் வந்ததும் படங்குகளை அலசி வேலியில் காயப்போட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆள் ஓடி வந்தது. வலி எடுத்துவிட்டது. மழை கண்ணைத் திறக்கவிடவில்லை. மேல்கணக்குக்கு ஏறி அவளை ஏற்றினோம். புருஷன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் காலடியில், அந்த ஒட்டுப் போட்ட தகட்டின்மேல் உட்கார்ந்தேன். கீழே ஓடைத் தண்ணீர் பாதையைக் கடந்து ஓடியது, கல்லில் மோதி வண்டி நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டது. உள்ளங்கையைத் தகட்டில் அழுத்தி வைத்துக்கொண்டே வந்தேன், என் கையால் அதைத் தாங்கிவிடலாம் என்பதுபோல. மாரியாத்தா, ஒட்டு விட்டுவிடக் கூடாது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தமாகவே சொன்னேன். டிரைவரண்ணன் முன்னால் இருந்து, "ஆத்தாளயும் அதட்டாதீங்கம்மா" என்றார்.

பதுளை போய்ச் சேர்ந்தோம். நேரே உள்ளே கொண்டுபோனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில், அந்த மழையில், டிரைவரண்ணன் ஜீப்புக்கு அடியில் படுத்து ஒட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. பிள்ளை அழுகிற குரலை ஆயிரம் தடவை கேட்டவள் நான். அன்றைக்குத்தான் உட்கார்ந்த இடத்தில் விக்கி விக்கி அழுதேன். பெண் பிள்ளை. துணியில் சுற்றி அவள் புருஷன் கையில் கொடுத்தது இந்தத் தடவையும் நான்தான்.

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். முகம் வெளிறிக் கிடந்தாள். பிள்ளை பக்கத்தில். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜீப்பு நல்லா இருக்காங்க?" என்றாள்.

"அதுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. ஒன்னப் பாருடி நீ."

"இல்லீங்க. மூணாம் லயத்துக்காரிக்குத் தையில நாளு."

பன்னிரண்டாம் நாள் அவளைத் திருப்பி அழைத்து வந்தோம். கீழ்க்கணக்குப் பெரட்டுக் களத்தில் வண்டி நின்றதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வாய்க்காரி ஆலத்தித் தட்டோடு வந்தாள். தாயையும் பிள்ளையையும் வண்டியில் வைத்தே சுற்றி, சிவப்புத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனாள். டிரைவரண்ணன் பாய்ந்து வந்தார். "ஏய், வண்டியில ஊத்தாத! அதுல சுண்ணாம்பு கலந்திருக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். ஆலத்தி ரோட்டில் ஊற்றப்பட்டது.

சிரிப்பு அடங்கவில்லை, கணக்கப்பிள்ளை வந்தார். கையில் உரம் ஏற்றுகிற சீட்டு. பின்னால் கொஞ்ச தூரத்தில் துரை நின்றுகொண்டிருந்தார்.

"அதான் புள்ள பொறந்தாச்சுல்ல. பேசுன பேச்சு முடிஞ்சுது. இவள எறக்கி விட்டுட்டு வண்டியத் திருப்பு. ஸ்டோர்ல அறுபது மூட்ட கெடக்கு."

என் வாயில் பதில் தயாராக இருந்தது. கால் வைத்து ஏறப் போனேன். அதற்குள் அவள் பேசினாள். அவள் ஆம்பிளைகள் முன்னால் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வயிற்றில் தையல் பிரித்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்து, முந்தானையால் மூடி, அந்தத் தகட்டின்மேல் கம்பளியை இழுத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மூணாம் லயத்துக்காரிக்குத் தையில நாளுங்க. நான் எறங்கல."

"என்னாது?"

"எறங்கலங்க."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நீ சொல்லு அவளிடம் என்பது போல. பச்சை உடம்புக்காரி, குளிர் காற்று, மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது. மருத்துவிச்சி என்ற முறையில் அவளை உடனே இறக்கிப் படுக்க வைத்திருக்க வேண்டியவள் நான். என் பையில் இருந்த குடைக் கம்பியை எடுத்து டிரைவரண்ணன் கையில் கொடுத்தேன். அவர் வழக்கம்போல அடியில் நுழைந்து ஓட்டைகளைக் குத்தத் தொடங்கினார். நான் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குக் காற்றுப் படாமல் என் சால்வையைப் போர்த்திவிட்டேன். எனக்குப் பின்னால் மூணாம் லயத்துக்காரி நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள்.